வார்டை விட்டுவிடாதே

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கரண்ட்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஒரு கையில் விசிறியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்கு நிதி கிடைத்த செய்தி கேட்டு அம்மா அனோரத்தா ரோட்டுக் காளி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். ஆனால் இனி வார்டை விட்டுவிட்டு முழு நேரமும் ஆய்வகத்திலேயே இருந்துவிடலாமா என்றும் எழுதியிருக்கிறாயே, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. மொகல் தெரு கம்பவுண்டருக்கு என்ன தெரியும் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

உன் துறையில் நடந்ததையே எடுத்துக்கொள். 2012-ல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட்டுக்கு கார்-டி சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை. ரத்தப் புற்றுநோய் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ரத்தத்தில் நோயை எதிர்த்துப் போராடும் அவளுடைய டி செல்களையே எடுத்து, பல் பிடுங்கிய பாம்பாக்கிய எச்.ஐ.வி. வைரஸை வைத்து மாற்றி, புற்றுநோய்ச் செல்லின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தை அடையாளமாக வைத்துத் தேடி அடிக்கும்படி செய்து உடம்பில் ஏற்றினார்கள். டி செல் வேலையைக் காட்டியது. கூடவே கடும் காய்ச்சல் வந்து பிள்ளை வென்டிலேட்டருக்குப் போய்விட்டாள். ரத்தத்தைச் சோதித்தால் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் எக்கச்சக்கம். அதை அடக்க டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து இருக்கிறது என்பது இந்தச் சிகிச்சையை உருவாக்கிய டாக்டர் கார்ல் ஜூனுக்கு எப்படித் தெரிந்தது? அவர் மகளுக்கே சின்ன வயதில் மூட்டுவாதம். மருந்து ஏறியதும் எமிலி மளமளவென்று தேறினாள். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் கார்-டிக்கு அனுமதி கொடுத்த அன்றே, இந்தப் பக்க விளைவுக்கென்று டோசிலிசுமாபுக்கும் அனுமதி கொடுத்தார்கள். வீட்டில் நோயைப் பார்த்த தகப்பனின் ஞாபகம் அது, எந்தச் சோதனைக் குழாயிலும் கிடைத்ததல்ல.

நம் தெருப் பூக்காரம்மா மகனுக்கும் அதே ரத்தப் புற்றுநோய். ரிப்போர்ட்டைக் கடைக்குக் கொண்டுவந்து, பிளேட்லெட் இருக்கும் வரியில் விரலை வைத்து, "இது ஏறியிருக்கா அண்ணே?" என்பாள். வேறு எந்த வரியையும் பார்க்கமாட்டாள். பையனுக்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. போன வாரம் நம் வாசல் செடியிலேயே கை நிறையப் பறித்துக்கொண்டு, அரைத்துக் கொடுக்கலாமா என்று வந்து நின்றாள். விஷம் தாயே, அளவு பிசகினால் நரம்பையே கெடுத்துவிடும் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்படி ஒரு கேள்வியை ஆய்வகத்தில் உன்னிடம் யார் வந்து கேட்பார்கள்?

விலையும் அப்படித்தான். அந்த முதல் கார்-டி மருந்து 2017-ல் வந்தபோது 4,75,000 டாலர். நம் ஊர்ப் பணமான கியாட்டில் பெருக்கிப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. 2023-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி மருந்து, ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதானாம். அதுவும் நமக்கு எட்டாதுதான். ஆனால் விலையைக் கேட்டதும் எழுந்து போகிற குடும்பத்தை எதிரே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதைக் குறைக்கவேண்டும் என்ற வேகம் வரும்.

வாரத்தில் ஒரு நாளாவது வார்டுக்குப் போ. நிதி கொடுத்தவர்கள் அதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்ப்பதாகத்தான் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா
ரங்கூன்