மூட்டு வலிக் கட்டுரையில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மூட்டு வலி பற்றி வந்த முழுப் பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தேய்மானம், உடல் எடை, நடைப்பயிற்சி, மாற்று மூட்டு அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். படத்தில் நான்கு பேர். நால்வருக்கும் நரைத்த தலை. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அச்சில் இருக்கும் பிழையைவிட, இருக்க வேண்டி இல்லாமல் போன வரிதான் என் கண்ணில் முதலில் படும். அப்படி ஒரு வரி அந்தக் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. பல இடங்களில் விடுபட்டுக்கொண்டே இருக்கும் வரிதான் அது. என் இடது முழங்காலுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரிய ஏழு ஆண்டுகள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் வீக்கம் வந்தபோது எனக்கு வயது 14. விழவில்லை, எதிலும் மோதவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தபோது முழங்கால் சில்லின் இரு பக்கமும் இருக்கும் பள்ளங்கள் காணாமல் போயிருந்தன. பெரிய வலி என்று சொல்ல முடியாது. ஈரத் துணியைச் சுருட்டி உள்ளே திணித்தாற்போல் ஓர் இறுக்கம். வலி பிறகு வந்தது, வந்தபின் போகவில்லை. "எங்கே விழுந்தாய்?" என்று வீட்டில் கேட்டார்கள், பள்ளியில் கேட்டார்கள், மருத்துவரும் கேட்டார். விழவில்லை என்றால் யாரும் நம்பவில்லை. மூன்றாவது மருத்துவரிடம் போனபோது நானே ஒரு விபத்தைத் தயாரித்துவிட்டேன்: மாடிப்படியில் கடைசிப் படி தவறிவிட்டது. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி! அந்தப் பொய் என் மருத்துவக் குறிப்பில் ஏறிக்கொண்டு, நான் போன இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சாதாரணமாக மூட்டு நீர் வெளிர் மஞ்சளாக இருக்குமாம். எனக்கு வந்ததோ, பல நாள் திறக்காத இரும்புக் குழாயிலிருந்து முதலில் கொட்டும் தண்ணீரின் நிறம். "அடிபட்டதால் ரத்தம் கசிந்திருக்கிறது" என்று சொல்லிக் கொட்டிவிட்டார்கள். மாடிப்படிதான் சாட்சி இருக்கிறதே. மூன்று முறை இப்படி எடுத்தார்கள். மூன்று முறையும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு பழுதில்லாமல் தெரிந்தது. இடையில் வளரும் வயதின் வலி என்றார் ஒருவர், வாதம் என்று ஓராண்டு மாத்திரை கொடுத்தார் ஒருவர், காசநோயாக இருக்கலாம் என்று பயமுறுத்தினார் இன்னொருவர். தேர்வு நெருங்கும்போது மட்டும் வருகிறதா என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் விசாரித்தவரும் உண்டு.

எனக்கு 21 வயதானபோது பார்த்த மருத்துவர், எடுத்த நீரை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உண்மையிலேயே விழுந்தாயா அம்மா?" என்று கேட்டார். எங்கே விழுந்தாய் என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். விழுந்தாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மாடிப்படியை அங்கேயே கைவிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படத்தில் என் மூட்டுக்குள் கரிய திட்டுகள் படர்ந்திருந்தன. அது ரத்தத்திலிருந்து படிந்த இரும்பு; எம்.ஆர்.ஐ.யில் இரும்பு கருமையாகத்தான் தெரியும். குழாய்த் தண்ணீரின் துரு நிறத்துக்கும் அதே இரும்புதான் காரணம். ஏழு ஆண்டுகளாக என் முழங்கால் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

திசுவை எடுத்துச் சோதித்ததில் பெயர் உறுதியானது: பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைடிஸ். ஜாஃபே, லிக்டன்ஸ்டைன், சூட்ரோ என்ற மூவர் 1941-இல் வைத்த பெயர். மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு தடித்து, பாசி போலவும் முடிச்சு முடிச்சாகவும் வளர்ந்து, லேசாக உரசினாலே ரத்தம் கசியும் நோய் இது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வரும். வந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டில், அதிலும் அதிகமாக முழங்காலில். இது அழற்சியா, கட்டியா என்ற சண்டை நெடுங்காலம் நடந்திருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு வழக்கைப் பெரும்பாலும் முடித்து வைத்தது. அங்கே கோளாறான செல்கள் கொஞ்சம்தான். அவை சி.எஸ்.எஃப். 1 என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரந்து, உடலின் மற்ற செல்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவிடுகின்றன. என் முழங்காலை அடைத்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் இப்படி அழைப்பை நம்பி வந்தவைதான். அவற்றின் மீது எனக்குக் கோபமில்லை.

இப்போது மருத்துவர்கள் இதைக் கட்டி வகையில் சேர்த்து, டெனோசைனோவியல் ஜயன்ட் செல் ட்யூமர் என்கிறார்கள். 'ட்யூமர்' என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். புற்றுநோய் அல்ல என்று மருத்துவர் விளக்கியதும் வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் ஆசுவாசமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். முழங்கால் என்னோடு இருந்துவிட்டது. புற்றுநோய் இல்லை என்பதற்கும் ஒன்றுமில்லை என்பதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். குருத்தெலும்பு, எலும்பு இரண்டையும் இது மெல்ல அரிக்கும்.

முதலில் சிறு துளைகள் வழியாக முன்பக்கத்தைச் சுத்தம் செய்தார்கள். சில மாதங்கள் கழித்து முழங்காலின் பின்புறத்தைத் திறந்து மிச்சத்தை எடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் திரும்ப வந்தது, மீண்டும் அறுவை. மூட்டு முழுவதும் பரவிய வகை என்றால் இப்படித் திரும்பி வருவது சாதாரணம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ஆனால் முன்கூட்டிச் சொன்னதால் எதுவும் லேசாகிவிடவில்லை.

இன்று எனக்கு வயது 33. முழங்கால் 105 பாகை வரை மடங்கும். ஓர் இயன்முறை மருத்துவரும் நானும் ஒவ்வொரு பாகையாகச் சண்டையிட்டு வாங்கியது அது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் ஆறேழு அடிகள் கிழவியின் நடை, பிறகு என் வயதுக்கு வந்துவிடுவேன். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். பையில் மடக்குத் தடி ஒன்று வைத்திருக்கிறேன். பஸ்ஸில் அதை விரித்துக்கொண்டு நின்றால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். மடக்கிப் பையில் போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தால், "இந்த வயதில் காலை மடக்கி உட்காரக் கூடாதா?" என்கிறார்கள். முழங்கால் ஒன்றேதான். பாதி நாட்கள் அந்தத் தடியை நான் விரிப்பது நடப்பதற்காக அல்ல, பார்ப்பவர்களுக்காக.

மருந்துகளும் வந்திருக்கின்றன. பெக்சிடார்டினிப் என்ற மாத்திரைக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையோடு. 2025-இல் விம்செல்டினிப் என்ற இன்னொன்றுக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டுமே அந்தப் புரதத்தின் அழைப்பு மற்ற செல்களை எட்டாதபடி தடுப்பவை. எனக்கு இதுவரை அவை தேவைப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்கிறேன், அதற்கு முந்தைய வாரம் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

இனி, அந்த விடுபட்ட வரி. "அடி எதுவும் படாமல் ஒரே முழங்கால் மட்டும் திரும்பத் திரும்ப வீங்கினால், வயது எதுவானாலும், எடுக்கும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்." வீங்கும் முழங்கால்கள் எல்லாவற்றுக்கும் என் நோய் இல்லை, நீரில் ரத்தம் கலந்து வர வேறு காரணங்களும் உண்டு. அவற்றுக்கும் இதே வரி பொருந்தும்.

அடுத்த முறை மூட்டு வலி பற்றி எழுதும்போது இதைச் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் இடமில்லை என்றால், படத்தில் இருக்கும் நால்வரில் ஒருவரைக் கத்தரித்தால் போதும்.

இப்படிக்கு,
பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி