அரை மணி நேர ஸ்பானிஷ்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். என் மகளின் வகுப்புக்கு ஸ்பானிஷ் பேச்சுப் பயிற்சி நின்றுபோன விஷயமாக ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான், தேதி மட்டும் வேறு. அதனால் நான்காவதைத் தமிழில், எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்கள் சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது 16 வயதுக்குப் பிந்தைய மேல்வகுப்பில், பிள்ளைகளை விட்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர், அவர்களும் படிக்கட்டும். நீங்கள் படிக்க வேண்டுமென்றால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஒரு மொழிக்கு ஆள் இல்லாமல் அந்தரப்படுவது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், செய்தது நீங்கள்தானே. வகுப்பில் ஆறு பேர்தான் என்று சொல்லி, கடைசி ஆண்டான 13ஆம் ஆண்டின் ஸ்பானிஷ் பாடத்தை வாரத்துக்கு ஐந்து மணி நேரத்திலிருந்து மூன்றாகக் குறைத்தீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆசிரியை அந்த மூன்று மணி நேரத்துக்குள் மூச்சுவிடாமல் ஓடுகிறார். அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்பெயினிலிருந்து வந்திருந்த மொழி உதவியாளரின் இடத்தையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் வாரத்துக்கு அரை மணி நேரம் தனியே இருத்திப் பேசவைத்தவர் அவர். அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

மேல்வகுப்பின் முடிவில் வரும் ஏ லெவல் தேர்வில், ஸ்பானிஷுக்கு வாய்மொழித் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம். முதலில் ஓர் அட்டையைக் கையில் தருவார்கள். குடியேற்றம், ஸ்பெயினை ஆண்ட பிராங்கோவின் சர்வாதிகாரம், மன்னராட்சி என்று அதில் எதுவும் வரலாம். அதைப் பற்றிப் பேச வேண்டும், தேர்வாளரிடம் எதிர்க்கேள்வியும் கேட்க வேண்டும். அப்புறம் மாணவர் தானே தேர்ந்து செய்த ஆய்வைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லி, கிட்டத்தட்டப் பத்து நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்த்துப் படித்து இது வருமா?

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் குசினி மேசையில் உட்காருவேன். மகள் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவாள். 'கே ஒபினாஸ்?' என்று நான் வாசிப்பேன். உன் கருத்து என்ன என்று அர்த்தமாம். 'ஆனால்' என்பதற்குப் பெரோ, 'நாய்' என்பதற்குப் பெறோ. சின்ன வயதில் ர-றவுக்காக வாங்கிய அடி ஐம்பது வயதில் உதவுகிறது, நல்லது. அவள் பதில் சொல்லத் தொடங்குவாள். பிராங்கோ இறந்த 1975இலிருந்து 1978 அரசமைப்புச் சட்டம் வரை ஸ்பெயின் எப்படி ஜனநாயகத்துக்கு வந்தது என்று போன கிழமை மூன்று நிமிடம் பேசினாள். எனக்குப் பிடிபட்டவை இரண்டே இரண்டு: பிராங்கோ, அவருக்குப் பின் வந்த மன்னர் ஹுவான் கார்லோஸ். "விளங்கினதா அப்பா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். காலம் பிழையா, வினைச்சொல் பிழையா, உச்சரிப்புப் பிழையா, ஒன்றும் தெரியாமல் தலையாட்டுகிறேன். எனக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் அடுத்த அட்டையை எடுத்து நீட்டுகிறாள்.

அவள் ஆய்வுக்கு எடுத்திருப்பது ஆர்ஜென்டினாவின் பிளாசா தே மாயோ அன்னையர்கள். 1977 ஏப்ரலில், ராணுவ ஆட்சி கொண்டுபோன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 14 பெண்கள் பிளாசா தே மாயோ என்ற அந்தச் சதுக்கத்துக்கு வந்தார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது போலீஸ். சரி என்று இரண்டிரண்டு பேராகச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். தலையில் வெள்ளைத் துணி, ஒவ்வொரு வியாழக்கிழமையும். இதை ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த அம்மாக்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆய்வு ஸ்பானிஷ் பேசும் நாட்டைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்ற விதி அவளுக்குத் தெரியும். அதை அவள் மீறவில்லை. ஆனால் இந்த விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்ல அவளுக்கு மனம் இல்லை.

உங்கள் கடைசிப் பதிலில் ஒரு வரி: 'தகுந்த ஸ்பானிஷ் பேச்சாளரைக் கண்டறிவதில் சிரமம் உள்ளது.' ஐயா, நாம் இருப்பது தென் லண்டன். பஸ் ஏறினால் எலிபன்ட் அண்ட் காசில். கொலம்பியா, எக்குவடோர் மக்கள் பல காலமாகக் கடை வைத்துக் குடும்பம் நடத்தும் இடம். 2020இல் அங்கிருந்த பழைய கடைத்தொகுதியை மூடிய பிறகும் ஆட்கள் போய்விடவில்லை. அங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தாலே நாலு பேரிடம் பேசியிருக்கலாம்.

ஸ்பானிஷில் மிகக் கடினமானது, நடக்குமோ நடக்காதோ என்ற நிலையில் உள்ளதைச் சொல்லும் வினைவடிவம்தான் என்கிறாள் மகள். உங்கள் கடிதங்களைக் காட்டினேன்: 'பரிசீலிக்கப்படலாம்', 'ஏற்பாடு செய்யப்படக்கூடும்', 'சூழ்நிலை அனுமதித்தால்'. உங்களுக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

இதில் பிழை முழுக்க உங்களுடையது என்றும் சொல்லமாட்டேன். 14 வயதுக்குப் பிறகு அந்நிய மொழி கட்டாயமில்லை என்று 2004இல் இங்கிலாந்தில் முடிவெடுத்தார்கள். அதோடு வகுப்புகள் வற்றத் தொடங்கின. உயர் கணிதத்துக்குக் கூடுதலாகப் பிள்ளைகளைச் சேர்த்தால் அரசு கல்லூரிக்குத் தனியாகப் பணம் கொடுக்கிறது. மொழிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆறு பேர் வகுப்பு உங்களுக்கு நட்டம், விளங்குகிறது. ஆனால் ஏ லெவலில் 2019இலேயே பிரெஞ்சை முந்திவிட்ட மொழி இது. அதற்கே இந்தக் கதி என்றால் ஜெர்மன் படிக்கும் பிள்ளையை நினைக்கப் பயமாக இருக்கிறது. நீங்களோ விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் பத்து நாட்டுக் கொடிகளைப் போட்டு 'உலகக் குடிமக்களை உருவாக்குகிறோம்' என்று அச்சடிக்கிறீர்கள். அந்த வழவழப்புத் தாளின் செலவில் எத்தனை அரை மணி நேரம் வந்திருக்கும்!

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது சிறிய விஷயம். வகுப்பை மறுபடி ஐந்து மணி நேரமாக்கினால் சந்தோஷம். முடியாவிட்டால் அதை இப்போதைக்கு விடுகிறேன். வசந்தத்தில் வாய்மொழித் தேர்வு வரும்வரை, இந்த ஆறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு வாரத்துக்கு அரை மணி நேரம், ஸ்பானிஷ் தெரிந்த ஒருவருடன் பேசக் கிடைக்க வேண்டும். கூலியில் பங்குபோட நாங்கள் ஆறு வீட்டாரும் தயார் என்பதை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

தயவுசெய்து இந்தத் தவணை முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள். என் மகளுக்கு வியாழக்கிழமை பின்னேரங்களில் பாடம் இல்லை. அந்த நேரம் கிடைத்தால் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
13ஆம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தகப்பன்