டிராவல் அடாப்டரும் ஹேர் டிரையரும் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வெளிநாடு கிளம்புகிறவர்களின் பெட்டியில் துணிமணிகளோடு ஹேர் டிரையர், டிரிம்மர், சின்ன அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் ஏறிக்கொள்கின்றன. கூடவே நீங்கள் விற்கும் ஒரு டிராவல் அடாப்டர். அது கையில் இருந்தால் எந்த நாட்டிலும் எதையும் செருகலாம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நம்பவைப்பது உங்கள் அட்டைப்பெட்டிதான். முன்பக்கம் உலகப் படம், அதற்குக் கீழே இத்தனை நாடுகளில் வேலை செய்யும் என்று கொட்டை எழுத்து. இது பின்களின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது என்ற வரியை மட்டும் பெட்டியின் அடியிலோ, உள்ளே மடித்து வைத்த தாளிலோ தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆபத்தைத் தடுப்பது அந்த வரிதான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 220 முதல் 240 வரை. பிரேசிலில் ஒரே நாட்டுக்குள்ளேயே சில ஊர்களில் 127, சில ஊர்களில் 220. சாக்கெட்டைப் பார்த்து எது எதுவென்று சொல்லிவிட முடியாது.

120 வோல்ட்டுக்கென்று செய்த 1500 வாட் ஹேர் டிரையரை அடாப்டர் மாட்டி 240 வோல்ட்டில் செருகினால், மின்னோட்டம் இரண்டு மடங்காகிறது, சூடு நான்கு மடங்காகிறது. 6000 வாட்டை நோக்கி ஏறும் அந்தக் கருவியில் சுருள் பழுக்கக் காய்ந்து, பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்து, ஃபியூஸ் போனால் நல்லது. போகாவிட்டால் தீதான். அதை ஒருவர் தலைமுடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். (தலைகீழாக, 230 வோல்ட் கெட்டிலை 115-இல் போட்டால் கால்வாசி சூடுதான் வரும். தண்ணீர் கொதிக்க வெகுநேரம் ஆகும், அவ்வளவுதான்.)

போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும். தவறுக்கு வழி அங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். சார்ஜரை எங்கே செருகினாலும் வேலை செய்ததே, அயர்ன் பாக்ஸும் செய்யும் என்று மனம் சொல்லிவிடுகிறது. சரி, செருகுமுன் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் திருப்பினால், கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே எள்ளளவு எழுத்து. டார்ச் அடித்து, சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரிகிறது. இரண்டு வோல்டேஜுக்கும் ஏற்ற டிரையர்களிலோ, நாணயத்தால் திருப்ப வேண்டிய ஒரு சின்னத் திருகு கைப்பிடியில் இருக்கிறது. அது இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு பார்வையில் தெரிவதில்லை. அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாவது வையுங்கள்.

அப்புறம் ஆம்பியர். 6 ஆம்பியர் தாங்கும் அடாப்டரில் 2000 வாட் கெட்டிலைச் செருகினால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் ஓடும். வோல்டேஜ் சரியாக இருந்தும் அடாப்டர் சூடேறி இளகும். 6ஏ என்று நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர் ஆம்பியரில் யோசிப்பதில்லை. கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் ஆகியவற்றை இதில் செருகாதீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வோல்டேஜை மாற்றும் கன்வர்ட்டர் விற்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எடை குறைந்த மலிவுக் கன்வர்ட்டர்களில் பல, சூடேற்றும் சுருள்களுக்கு மட்டுமே ஆனவை. அவற்றில் எலக்ட்ரானிக் கருவிகளைப் போட்டால் கெட்டுப்போகும்.

எர்த் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. மூன்று பின் பிளக்கை வாங்கிக்கொண்டு சுவரில் இரண்டு பின்னாக நுழையும் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் பின்னுக்கு இணைப்பே கிடையாது. ஓட்டைக்குள் சும்மா நிற்கும். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி போட்ட, இரட்டைக் காப்பு உள்ள கருவி என்றால் பரவாயில்லை, அதற்கு எர்த் தேவையில்லை. உலோக உடம்பு கொண்ட கெட்டிலுக்கு அப்படியில்லை. உள்ளே ஒரு வயர் கழன்று உடம்பைத் தொட்டால், அடுத்து அதைத் தொடுகிறவர் கைக்குத்தான் மின்சாரம் வரும். எர்த் இல்லை என்பதை அடாப்டரின் முகத்திலேயே, செருகும்போது கண்ணில் படும் இடத்தில் பொறித்தாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சி சார்ஜிங் கட்டாயமானது. அதற்குச் சட்டமும் வேண்டியிருந்தது, கருவியின் வடிவமைப்பையே மாற்றவும் வேண்டியிருந்தது. நான் கேட்பதில் பெரும்பகுதி அச்சகத்தோடு முடிகிற வேலை. அடுத்து அச்சுக்குப் போகும் அட்டைப்பெட்டியிலேயே, அந்த உலகப் படத்துக்கு மேலே, அதே கொட்டை எழுத்தில் போடுங்கள்: வோல்டேஜை இது மாற்றாது.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளோடு பயணம் போகும் ஒருவர்