டெர்பியில் ஓடாத அணி: சீசன் டிக்கெட்காரர் ஒருவரின் புகார் கடிதம்

அனுப்புநர்
சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ரசிகர்,
கிழக்கு ஸ்டாண்டு, கீழ் அடுக்கு.

பெறுநர்
தலைமை நிர்வாக அதிகாரி,
கால்பந்து கிளப் நிறுவனம்.

பொருள்: கடந்த ஞாயிற்றுக்கிழமை சொந்த மைதானத்தில் 0-3 எனத் தோற்ற டெர்பி ஆட்டத்தில் (பக்கத்துப் பரம எதிரி அணியோடு மோதும் ஆட்டம்) அணி காட்டிய அலட்சியம், அது குறித்து வாடிக்கையாளர் பிரிவு அனுப்பிய பதில் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தோற்றதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்த அன்றிரவே உங்கள் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு புகார் அனுப்பினேன். "வெற்றியும் தோல்வியும் விளையாட்டில் சகஜம், உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்" என்று மறுநாள் பதில் வந்தது. கீழ் டிவிஷனுக்கு இறங்கிய வருஷத்திலும் டிக்கெட்டைப் புதுப்பித்தவர்களுக்கு இந்தப் பாடம் தேவையா, சொல்லுங்கள். தோற்பது எப்படி என்று உங்கள் நிர்வாகத்தைவிட எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

என் புகார் வேறு. அன்றைக்கு எதிரணி விளையாடியது, நம் அணி நேரத்தைக் கடத்தியது. இதை மூன்றாவது கோலை வைத்தே சொல்கிறேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது முழுசாகத் தெரிந்தது.

71-வது நிமிடம், நமக்குக் கார்னர். வந்த பந்தை அவர்களுடைய கோல்கீப்பர் தாவிப் பிடித்தார். பிடித்த கையோடு வலப்பக்கம் உருட்டிவிட்டார். நம் கோலுக்குக் கிட்டத்தட்ட முழு மைதானமும் மிச்சமிருந்தது. அவர்களில் நான்கு பேர் கிளம்பினார்கள். நம்மில் திரும்பி ஓடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கார்னருக்கு மேலே போகாமல் பின்னால் காவலுக்கு நின்ற லெஃப்ட் பேக். இன்னொருவர் அன்றுதான் அறிமுகமான பத்தொன்பது வயதுப் பையன். அவன் எதிரணி பெனால்டி பாக்ஸிலிருந்து நம் பெனால்டி பாக்ஸ் வரை ஓடிவந்து, ஓர் எட்டு தாமதமாக வந்து சேர்ந்தான். அதே நேரத்தில், எங்களுக்கு நேர் எதிரே டச்லைன் ஓரத்தில், அனுபவசாலியான நம் மிட்ஃபீல்டர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போனார். அவர் நிமிர்ந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது.

என்னோடு வந்திருந்த அக்கா மகன் பள்ளி அணியில் ஆடுகிறவன். "ஏன் மாமா, இவரு திரும்பி ஓட மாட்டாரா? எங்க சார்னா உடனே வெளிய கூப்பிட்டுருவாரு" என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் கோலைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன். நம் டிஃபெண்டர் முதுகில் பட்டுத் திசை மாறிய பந்து, யாராலும் தடுத்திருக்க முடியாது. இரண்டாவது கோல் அப்படியில்லை. த்ரோ-இன் யாருக்கு என்று நம் ஆட்கள் மூன்று பேர் லைன்ஸ்மேனோடு வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, அவர்கள் சட்டென்று பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். 2019 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு நடந்ததும் இதுதான். முதல் ஆட்டத்தை 3-0 என்று வென்றுவிட்டு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்குப் போனவர்கள், மூன்று கோல் வாங்கி இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கணக்கு சமமான பிறகும் கார்னரைக் கவனிக்காமல் நின்றார்கள். லிவர்பூலின் அலெக்ஸாண்டர்-அர்னால்டு கார்னர் கொடியிலிருந்து விலகிப் போவதுபோல் போய், திரும்பி வந்து தட்டிவிட, ஒரிகி நான்காவது கோலைப் போட்டார். லிவர்பூல் இறுதி ஆட்டத்துக்குப் போனது. அன்று அவர்களுடைய முன்னணி ஃபார்வர்டுகளான சாலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. பெரிய பெரிய அணிகளும் அசந்துபோகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆட்டத்தில் எத்தனை தடவை அசருவது?

அடுத்தது, உங்கள் பக்கத்து விளக்கம். ஆட்டம் முடிந்ததும் நம் கிளப்பின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில், பந்து அதிக நேரம் நம்மிடம்தான் இருந்தது என்று ஒரு படம் போட்டீர்கள். இருந்தது, உண்மைதான். எப்போது இருந்தது? இரண்டு கோல் போட்ட பிறகு அவர்கள் எல்லோரும் பின்னுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நம் சென்டர் பேக் இருவரும் ஒருவருக்கொருவர் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நடுநடுவே கோல்கீப்பருக்கு ஒன்று. அதையெல்லாம் கூட்டினால் கணக்கு நமக்குத்தான் வரும். இந்த மாதிரி பூசி மெழுகுகிற வேலை எங்களிடம் வேண்டாம், நாங்கள் மைதானத்தில்தான் இருந்தோம்.

பயிற்சியாளர் பேட்டியில் "வீரர்களின் உழைப்பை யாரும் சந்தேகிக்கக் கூடாது, அது வெளியிலிருந்து தெரியாது" என்றார். எங்களுக்குத் தெரியாமல் போகலாம், உங்களுக்குத் தெரியாதா? வீரர்கள் ஜெர்சிக்குள் போட்டிருக்கிற சின்ன உள்சட்டையில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. இந்த மாதிரிக் கருவிகளை ஆட்டத்தின்போதே அணியலாம் என்று கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி 2015-லேயே அனுமதித்துவிட்டது. யார் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை முறை முழு வேகத்தில் ஓடினார், எந்த நிமிடத்திலிருந்து வேகம் குறைந்தது, எல்லாமே விசில் அடித்த கொஞ்ச நேரத்தில் உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கும். அதை வைத்துத்தான் பயிற்சியையே திட்டமிடுகிறீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மொத்தத் தூரத்தை எடுத்து என் முன்னால் நீட்டுவீர்கள். மிட்ஃபீல்டர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 10, 12 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். தோற்கிற அணி பல சமயம் ஜெயிக்கிற அணியைவிட அதிகமாகவே ஓடும், பந்தைத் துரத்த வேண்டியது அவர்கள்தானே! அதனால் மொத்தக் கணக்கு எனக்கு வேண்டாம். பந்தை இழந்த அடுத்த சில நொடிகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். கார்டியோலா பயிற்சியாளராக இருந்த பார்சிலோனா பந்தை இழந்த ஐந்தாறு நொடிக்குள் திரும்பப் பிடுங்கப் பார்க்கும். பயிற்சியாளர் க்ளோப் டோர்ட்முண்டிலும் லிவர்பூலிலும் அணியைக் கட்டியதே அந்த நொடிகளை நம்பித்தான். நம் ஆட்களுக்கு அந்த நொடிகள் இடுப்பில் கை வைத்து நிற்கவும், சக வீரரைப் பார்த்துக் கையை விரிக்கவும் சரியாகப் போய்விட்டன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்டாண்டில் எல்லோரும் நம் சென்டர் ஃபார்வர்டைத்தான் திட்டினார்கள், சோம்பேறி என்று. நான் திட்டவில்லை. முதல் இருபது நிமிடம் அவர் எதிரணியின் டிஃபெண்டர்களைத் தனியாகத் துரத்தினார். அவர் பின்னால் முப்பது மீட்டருக்கு ஒருவரும் இல்லை. ஒருவர் மட்டும் பிரஸ் செய்தால், அதாவது பந்து வைத்திருப்பவரை நெருக்கினால், எதிரணி ஒரே பாஸில் அவரைத் தாண்டிவிடும். பிரஸ்ஸிங் என்றால் பத்துப் பேரும் சேர்ந்து முன்னேற வேண்டும். இல்லையென்றால் பத்துப் பேரும் சேர்ந்து பின்வாங்கி நிற்க வேண்டும். பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே என்றால் நடுவில் ஊர்வலமே போகலாம். அன்றைக்குப் போனது. இருபது நிமிடம் வீணாக ஓடிய மனிதர் அதற்குப் பிறகு நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆகவே என் கேள்வி இதுதான், ஐயா. பின்னால் நில்லுங்கள், துரத்த வேண்டாம் என்று மிட்ஃபீல்டர்களுக்குப் பயிற்சியாளர் சொன்னாரா, அல்லது அவர் ஓடச் சொல்லியும் அவர்கள் ஓடவில்லையா? முதலாவது என்றால் அது திட்டத்தில் வந்த கோளாறு. வீரர்களைக் கூச்சலிட்டு அனுப்பியது எங்கள் தவறு என்று மற்ற ரசிகர்களிடமும் சொல்வேன். இரண்டாவது என்றால் அது வேறு கதை, அதற்குப் பொறுப்பு நிர்வாகம். இரண்டில் எது என்று சொல்லாமல் "அதிர்ஷ்டம் இல்லை" என்பது எங்களை முட்டாளாக நினைக்கிற பதில்.

களைப்பு என்றும் ஒரு காரணம் சொல்கிறார்கள், மூன்று நாளுக்கு முன்னால் கோப்பை ஆட்டம் இருந்ததாம். சரி. ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்று 2020-ல் தற்காலிகமாக வந்த விதி 2022-ல் நிரந்தரமாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்டு வாங்கியதே வீரர்களின் களைப்பைக் காரணம் காட்டித்தான். அப்படியிருக்க நம் அணியின் முதல் மாற்றம் 78-வது நிமிடத்தில் நடந்தது, மூன்று கோலும் விழுந்த பிறகு. மொத்தம் இரண்டு பேர்தான் இறங்கினார்கள். மீதி மூன்று வாய்ப்பை யாருக்காகப் பத்திரப்படுத்தினார்கள் என்று தெரியவில்லை.

இதெல்லாம் பயிற்சியாளரின் வேலை, வாடிக்கையாளர் ஏன் கேட்கிறார் என்று நினைக்கலாம். நினைக்க வேண்டாம். இந்த ஆட்டத்தை "சிறப்புப் பிரிவு" என்று வகைப்படுத்தி அக்கா மகனின் டிக்கெட்டுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கியது உங்கள் நிறுவனம். பாரம்பரியப் போட்டி, ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுப்போம் என்று சுவரெல்லாம் விளம்பரம் செய்ததும் நீங்கள்தான். டெர்பி என்றால் தனி என்று சொல்லித்தான் விற்றீர்கள். எதிரணி அதை டெர்பி என்று நம்பி வந்தது. நம் பதினொரு பேருக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

தோற்றவர்கள் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2009 நவம்பரில் டாட்டன்ஹாமிடம் விகன் அணி 9-1 என்று தோற்றது. இடைவேளையில் 1-0 தான், மீதி எட்டும் இரண்டாம் பாதியில் வாங்கியவை. பயணம் செய்து பார்க்க வந்திருந்த ரசிகர்களின் டிக்கெட் பணத்தை வீரர்களே திருப்பித் தர முன்வந்தார்கள். 2011-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று தோற்ற பிறகு ஆர்சனல், அங்கே போயிருந்த ரசிகர்களுக்கு இன்னொரு வெளியூர் ஆட்டத்துக்கான டிக்கெட்டைத் தன் செலவில் தருவதாக அறிவித்தது. 2019 அக்டோபரில் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 9-0 என்று தோற்ற சவுத்தாம்ப்டனில், வீரர்களும் பயிற்சிக் குழுவினரும் அன்றைய சம்பளத்தைக் கிளப்பின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஹாசன்ஹூட்டலை விரட்டவில்லை. 2020 ஜனவரியில் அதே லெஸ்டரை அவர்கள் ஊரிலேயே போய் 2-1 என்று ஜெயித்தார்கள். எனக்கு அந்த ஜெயிப்பைவிட நடுவில் இருந்த மாதங்கள் முக்கியமாகப் படுகின்றன. யாரும் ஒளிந்துகொள்ளவில்லை.

நம்மவர்கள் விசில் அடித்ததும் நேராகச் சுரங்கப் பாதைக்குள் போய்விட்டார்கள். ரசிகர்கள் பக்கம் வந்து கைதட்டியது களத்தில் இறங்கவே இறங்காத மாற்று கோல்கீப்பரும், அந்தப் பத்தொன்பது வயதுப் பையனும்தான். அந்தப் பையனைத்தான் இரண்டு நாளாகச் சமூக ஊடகத்தில் சிலர் அசிங்கமாகத் திட்டுகிறார்கள், மூன்றாவது கோலில் தாமதமாக வந்தானாம். வந்தவனைத் திட்டுகிறார்கள், வராதவரை விட்டுவிட்டார்கள். இது எங்கள் பக்கத்துக் கேவலம், மறைக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஆதரவாகக் கிளப் இதுவரை ஒரு வரி அறிக்கை விடவில்லை. அதையாவது இன்றைக்கே செய்யுங்கள்.

நம் வீரர் ஒருவர் எதிரணி வீரரோடு சிரித்துப் பேசி ஜெர்சி மாற்றிக்கொண்டதைப் பற்றியும் பலர் கொதிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, இருவரும் தேசிய அணியில் ஒன்றாக ஆடுகிறவர்கள். ஆட்டம் முடிந்த பிறகு சிரிக்கட்டும்.

டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. சிறப்புப் பிரிவு என்று கூடுதலாக வாங்கியதை மட்டும், வாங்கியவர்கள் எல்லோருக்கும் அடுத்த ஆட்டத்தின் கட்டணத்தில் கழியுங்கள், அல்லது அந்தத் தொகையை இளையோர் அணிக்குக் கொடுத்துவிட்டு அப்படிச் செய்தோம் என்று அறிவியுங்கள். திட்டமா, மனமில்லையா என்ற என் கேள்விக்குப் பயிற்சியாளர் அல்லது விளையாட்டு இயக்குநர் கையெழுத்தோடு பதில் வேண்டும். சீசன் டிக்கெட்காரர்களின் கூட்டம் ஒன்றை, எதிரணி மைதானத்தில் நடக்கவிருக்கும் மறு டெர்பிக்கு முன்னால், கேப்டனையும் உட்காரவைத்து நடத்த வேண்டும். வாடிக்கையாளர் பிரிவில் பதில் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கொடுத்ததை அனுப்பியிருக்கிறார், பாவம்.

அடுத்த சீசனுக்கான புதுப்பிப்புப் படிவம் தோல்விக்கு இரண்டாம் நாளே வந்து சேர்ந்தது. கடைசித் தேதி இந்த மாத முடிவு. உங்கள் பதில் வந்த பிறகுதான் அதை நிரப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறேன். எங்கள் வரிசையில் இன்னும் சிலரும் அப்படித்தான் இருக்கிறார்கள், அவர்களும் தனித்தனியாக எழுதுவார்கள்.

இப்படிக்கு,
கிழக்கு ஸ்டாண்டு ரசிகர்

இணைப்பு: ஆட்ட டிக்கெட்டின் நகல், வாடிக்கையாளர் பிரிவு அனுப்பிய பதிலின் நகல்.