வயிறு எரியுது என்றால் பசி இல்லை

டெல்லியில் ஆவணப்படம் எடுக்கும் நண்பர்களுக்கு,

2025 ஜூன் 1 அன்று பாராபுல்லா வடிகால் ஓரத்தில் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதியை இடித்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். கேமராவோடு வந்த ஒரு குழுவில் யாருக்கும் தமிழ் தெரியவில்லை. நானாகப் போய் மொழிபெயர்த்தேன், நம் ஆட்கள் சொல்வது வெளியே போய்ச் சேர வேண்டும் என்ற ஆசைதான். இன்றும் அந்த ஆசை போகவில்லை, அதனால் படமே எடுக்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கே சுமார் 370 வீடுகள். நகரின் வடக்குக் கோடியில் இருக்கும் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவர்கள் என்று 189 குடும்பங்களைத்தான் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். நான் சொல்லப்போகும் அக்கா அதில் இல்லை. ஜங்புராவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர். இரண்டு வீடு தள்ளி புல்டோசர் நிற்கிறது, அவர் கேஸ் சிலிண்டரை உருட்டி வெளியே கொண்டு வருகிறார், அந்த நேரத்தில் கையெழுத்துக்காக ஒரு தாளை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எந்த வடிவத்திலும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. நான் அதை, "படத்துல உங்களைக் காட்டலாமான்னு கேக்குறாங்கக்கா" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தேன். "நீ சொன்னா சரிதான்பா" என்று போட்டுக் கொடுத்தார். என்னை நம்பித்தான் போட்டார், அந்தத் தாளைப் படித்துப் போடவில்லை. இதில் என் தப்பும் இருக்கிறது.

அப்புறம் படம் வந்தது, போய்ப் பார்த்தேன். அக்கா அழுவது மட்டும்தான் இருக்கிறது. அழுதது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினாரே, யார் பெயர் பட்டியலில் வந்தது, யார் பெயர் வரவில்லை, எந்த ரேஷன் கார்டை ஏற்கவில்லை, நரேலாவுக்குப் போகிற பிள்ளைகள் அங்கே தமிழ்ப் பள்ளி இல்லாமல் லோதி எஸ்டேட் பள்ளிக்கு எப்படித் தினமும் வந்து போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாரே, அது எதுவும் இல்லை. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுத ஏற்பாடு செய்தவர் படத்தில் வெறும் கண்ணீராகிவிட்டார்.

அதைவிடக் கொடுமை சப்டைட்டில். "வயிறு எரியுது" என்று சொல்கிறார். கீழே ஆங்கிலத்தில் "எனக்குப் பசிக்கிறது" என்று ஓடுகிறது. தமிழ் தெரிந்த யாரிடமாவது ஒரு முறை காட்டியிருந்தால் போதும். அது சாபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கோபம், ஒரு வாய்ச் சோறு கேட்கிற பேச்சு இல்லை. அந்தக் காட்சி மட்டும் வெட்டப்பட்டு போனில் சுற்றியது. அவர் சமைக்கும் வீடு ஒன்றில் அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் மீந்த சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "இத்தனை வருஷம் நான் ஆக்கிப் போட்ட வீடுப்பா அது" என்றார் என்னிடம். வேறு எதுவும் சொல்லவில்லை.

இது புதுப் பிரச்சினை இல்லை என்று உங்களுக்கே தெரியும். மும்பை குடிசை இடிப்பைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் 1985-ல் எடுத்த படத்தில் ஒரு பெண் அவரையே திட்டுவார், ஏழைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கத்தானே வந்தாய் என்று. அவர் அதை வெட்டாமல் வைத்தார். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். 2022-ல் 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்த நேரத்தில், அந்தப் படம் யாரைப் பற்றியதோ அந்த 'கபர் லஹரியா' பெண் பத்திரிகையாளர்களே, எங்கள் வேலையை இது சரியாகக் காட்டவில்லை என்று அறிக்கை விட்டார்கள். அவர்களுக்குச் சொந்தப் பத்திரிகை இருந்தது, சொன்னார்கள், நாலு பேர் கேட்டார்கள். எங்கள் அக்கா எதில் அறிக்கை விடுவார்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இடிக்கிற அன்றைக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். படம் எடுங்கள், போங்கள், பத்து நாள் கழித்து வந்து அவரவர் மொழியில் முழுசாகப் படித்துக் காட்டி வாங்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடிட் முடிந்ததும், திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் முன்பே, படத்தில் இருக்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நேரமில்லை, பணமில்லை என்பீர்கள். கலர் சரி செய்யவும் சத்தம் சேர்க்கவும் நேரமும் பணமும் ஒதுக்குகிறீர்களே, இதையும் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதுங்கள்.

முன்கூட்டிக் காட்டினால், படத்தில் இருக்கிறவர் இதை மாற்று, அதை வெட்டு என்று உங்களை மடக்கிவிடுவார் என்ற பயம் இருக்கலாம். அதிகாரியோ அமைச்சரோ என்றால் அந்தப் பயம் நியாயம், அவர்களுக்கு முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். வீட்டை இழந்தவரையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்தக் குழு இதைப் படித்தால், அக்கா இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார். அவர் இன்னும் முழுப் படத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் கூட்டிப் போகிறேன். மாலை ஏழு மணிக்கு மேல்தான் வேலை முடிந்து வருவார். இந்த முறை ஒரு வரி விடாமல் மொழிபெயர்க்கிறேன்.