டெல்டாவுக்கு வயலோடு ஓர் அருங்காட்சியகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவின் உழவுக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒரு பொது அருங்காட்சியகத்தை அரசு அமைக்க வேண்டும் எனக் கேட்டு இதை எழுதுகிறேன்.

இந்திய உணவுக் கழகம் தன் முதல் அலுவலகத்தை 1965-ல் திறந்த ஊர் தஞ்சாவூர். அங்கே 2021-ல் அது ஓர் அருங்காட்சியகமும் திறந்தது, நல்ல காரியம். கொள்முதல், கிடங்கு, ரேஷன் பற்றிப் பிள்ளைகள் அங்கே தெரிந்துகொள்ளலாம். நான் கேட்பது அதற்கு முன்னால் வயலில் நடப்பதையும், பின்னால் அடுப்பில் நடப்பதையும் விரிவாகச் சொல்லும் இடம்.

அந்த இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று ஏக்கர் நஞ்சையாவது இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நெல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெயர் எழுதி ஒட்டினால், ஓரிரு வருடத்தில் அதன் முளைப்புத்திறன் போய்விடும். வருடா வருடம் விதைத்து அறுத்தால்தான் ரகம் நிற்கும். நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. 2018-ல் அவர் மறைந்துவிட்டார். அதே முறையில் அருங்காட்சியக வயலிலிருந்தும் விவசாயிகளுக்கு விதை போகலாம். உப்பு மண்ணைத் தாங்கும் குழியடிச்சானையும், ஆளுயரத்துக்கு மேல் வளரும் காட்டுயானத்தையும் பிள்ளைகள் வரப்பில் நின்றே பார்க்கலாம். சீக்கிரம் விளையும் குறுவை நெல்லையும், நீண்ட நாள் எடுக்கும் ஒட்டடையானையும் கலந்து விதைத்து, குறுவையை முதலில் அறுத்துவிட்டு மற்றதை வளரவிடும் உடு சாகுபடியையும் ஒரு மூலையில் செய்து காட்டலாம்.

அப்புறம், விதைக்கோட்டை. வைக்கோலைப் பரப்பி, நடுவில் விதைநெல்லைக் கொட்டி, வைக்கோலைக் கயிறாகத் திரித்த பிரியால் இறுக்கிச் சுற்றி, மேலே சாணி மெழுகிக் காயவைப்பார்கள். பூச்சி அண்டாது. விதைக்கும் சமயம் வந்ததும் கோட்டையை அப்படியே குளத்தில் ஊறப்போட்டு முளைகட்டுவார்கள். பிரி தளர்ந்தால் நெல் சிந்தும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கட்டியவர் கைக்குத்தான் தெரியும். அந்தக் கை தெரிந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களைக் கூலி கொடுத்துக் கூப்பிட்டு, இளைஞர்களுக்குக் கற்றுத்தரச் சொல்ல வேண்டும். படம் பிடித்து வைப்பது மட்டும் போதாது.

நெல் அளக்கும் மரக்கால், பதக்கு, நெல் சேமிக்கும் பத்தாயம், குதிர் எல்லாம் பழைய பொருள் வியாபாரிகள் கைக்குப் போய், ஓட்டல் வரவேற்பறைகளில் அலங்காரமாக நிற்கின்றன. மரக்காலைக் காட்டும்போது யார் அளந்தார்கள், யார் கையேந்தி வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கூலி அளக்க மட்டும் சின்ன மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி ஊரில் பெரியவர்கள் பேசுவார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் டெல்டா உழவைச் சொன்னதாக ஆகாது. அதேபோல, ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 என்ற புதிய நெல் ரகங்கள் 1960-களில் ஏன் வந்தன, அன்றைய அரிசித் தட்டுப்பாடு எப்படி இருந்தது, பிறகு உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் நாம் என்ன விலை கொடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சமையலிலும் இதே பேச்சுதான். அரண்மனைச் சமையலுக்குச் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடி இருக்கிறது. திருவையாறு அசோகா அல்வாவுக்கும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பாவுக்கும் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நடவு முடிந்து வரப்பில் பிடித்த நண்டை இடித்து வைத்த ரசத்துக்கும், நத்தைக் குழம்புக்கும், வயல்கீரைக் கடைசலுக்கும், நீராகாரத்துக்கும் எந்தச் சுவடியும் இல்லை. சமைத்த பெண்களின் நாக்கிலும் கையிலும்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் விறகடுப்போடு ஒரு சமையற்கூடம் கட்டி, மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் விட்டால், வயலில் விளைந்ததை அங்கேயே சமைத்து விலைக்குக் கொடுக்கலாம். அவர்களுக்கும் வருமானம்.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020-ல் சட்டம் வந்தது. 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையும் வருகிறது. அடுத்த அறிக்கையில் இதற்கு இடமும் தொகையும் ஒதுக்க வேண்டும். கட்டடம் எழும்ப நாளாகும், சரி. பெரியவர்களின் பேச்சையும் நடவுப் பாட்டையும் பதிவு செய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வேலையை வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு, வரும் சம்பா நடவிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி