அம்மாவைப் பற்றிப் பேச வா

அன்புள்ள ரெஜினா,

மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கோலை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாய் என்று உன் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை ஒழுங்காகச் செய். கல்லூரியில் பி.டி. வகுப்புக்கு வயிற்றுவலி என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்திருப்பாயே, அதை இங்கே செய்ய முடியாது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மார்கழிப் பனி இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். சம்பா கதிர் முற்றிவிட்டது, பொங்கல் கழிந்ததும் அறுப்பு. என் பெரியவனுக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது. வாரா வாரம் அழுக்குத் துணி மூட்டையோடு வருகிறான். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகத்தைக் காட்டினால் அவள் ஏதோ எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டுகிறாள். அந்தக் கதை நேரில்.

விஷயத்துக்கு வருகிறேன். தை பிறந்தால் அம்மா போய் ஒரு வருஷம். உன்னிடம் போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், வேறு ஏதோ பேசி வைத்துவிட்டோம். அதனால்தான் கடிதம்.

காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அம்மாவுக்காக எல்லோரையும் கூப்பிடுகிறேன். திதியைத் தம்பி அன்று காலையிலேயே முறைப்படி கொடுத்துவிடுவான், அது வீட்டோடு. பதினோரு மணிக்கு மேல் நடப்பது வேறு. அழுவதற்கோ ஆறுதல் சொல்வதற்கோ யாரும் வர வேண்டாம் என்று சொல்லித்தான் அழைக்கிறேன். அம்மா எப்படி இருந்தாள் என்று பேச வேண்டும். சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அம்மா இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: “எப்படி ஆச்சு?” நானும் சொன்னேன். சளி பிடித்தது, மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். கருமாதி முடிவதற்குள் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. சொல்லிச் சொல்லி, எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்த மனுஷி என் வாயில் மூன்று நாள் நோயாளி ஆகிவிட்டாள். இப்போதும் அம்மா என்றால் எனக்கு முதலில் அந்த ஆக்ஸிஜன் மாஸ்க்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை ரெஜினா. அவளை மற்றவர்கள் வாயிலிருந்து திரும்ப வாங்க வேண்டும்.

பெரிய மாமாவுக்குக் கோபம். “செத்தவளுக்குக் கொண்டாட்டமா? ஊர் சிரிக்கும்” என்றார். நான் விடவில்லை. பேரன் பேத்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தவர்களின் சாவை நாம் கல்யாணச் சாவு என்றுதானே சொல்கிறோம்? பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, தப்பும் வேட்டும் முழங்கத்தானே கொண்டுபோகிறோம்? திருவையாற்றில் ஆராதனைக்கு ஊரே கூடிப் பஞ்சரத்தினம் பாடுவது தியாகையர் சித்தியான நாளை வைத்துத்தான். 1847இல் போனவருக்கு இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நாகூர் கந்தூரியும் ஆண்டவர் மறைந்த நாளை ஒட்டியதுதான், அதற்கு மாமாவே வருஷம் தவறாமல் போய் அல்வா வாங்கி வருவார். உங்கள் கல்லறைத் திருநாளையும் சொன்னேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நவம்பர் 2ஆம் தேதி நீ என்னைக் கூட்டிப்போனாயே, உன் தாத்தா கல்லறையைக் கழுவி, செவ்வந்தி சாத்தி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அவர் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்லி உங்கள் வீட்டார் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு அன்று அது அதிர்ச்சி. இன்று அதைத்தான் கேட்கிறேன். மாமா கடைசியில், “சரி, மைக் செட் மட்டும் வேண்டாம்” என்று இறங்கி வந்தார். மைக் செட் எனக்கும் வேண்டாம்.

யார் யார் வருகிறார்கள் என்று கேட்பாய். சொந்தக்காரர்கள் பாதி. மீதிப் பேர் அவள் சோறு போட்ட பிள்ளைகள்.

அம்மா சத்துணவு சமையலர் என்று உனக்குத் தெரியும், அந்த வேலைக்கு அவள் எப்படி வந்தாள் என்று சொன்னதில்லை என்று நினைக்கிறேன். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளியில் மதியச் சாப்பாடு காமராஜர் காலத்திலேயே இருந்ததுதான், இது ஊர் ஊருக்குப் பெரிய அளவில் வந்தது. சமையலுக்கு ஆள் எடுக்கும்போது விதவைகளுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் முன்னுரிமை. அப்பா போய் அப்போது இரண்டு வருஷம். அம்மாவுக்கு முப்பது சொச்சம் வயது, கையில் நானும் தம்பியும். நடவுக்கும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள் பள்ளிக்கூடத்து அடுப்படிக்குப் போனாள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மழை பெய்தாலும் ஒன்றாம் தேதி வரும். அதுவரை எங்கள் வீட்டில் அப்படி ஒரு பணம் வந்ததில்லை.

பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, பதினைந்து கிராம் பருப்பு என்று கணக்கு. தலையை எண்ணித்தான் உலை வைக்க வேண்டும். அம்மா வகுப்பு வகுப்பாகப் போய்த் தலையை எண்ண மாட்டாள், முகத்தை எண்ணுவாள். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சோறு மிஞ்சும், திங்கட்கிழமை பானையைச் சுரண்ட வேண்டியிருக்கும் என்பாள். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, “நடுவுல ரெண்டு நாள் லீவு இல்லடி?” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது புரியவே நாளானது.

முட்டை வந்ததை ஊரே பேசியது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வேகவைத்து உரிக்கும்போது ஒன்று உடைந்தால் அன்றைக்கு முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியாது. 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆனபோது அவள் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாள். செய்தியில் பார்த்துவிட்டு, “நான் போனப்புறம் அள்ளிக் குடுக்குறாங்க பாரு” என்று பொறாமைப்பட்டாள். நிஜமாகவே பொறாமை.

ஆரம்பத்தில் சில வீட்டுக்காரர்கள், இவள் சமைத்ததை எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று தட்டோடு வீட்டுக்கு அழைத்துப் போனதும் உண்டு. அம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அதில் ஒரு பையன் மட்டும் மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிப் பின்கதவு வழியாக வந்து நிற்பான். அவனுக்கென்று ஒரு கிண்ணத்தை ஓரமாக மூடி வைத்திருப்பாள். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. போன மாதம் அவனே வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பந்தல் அவன் பொறுப்பு.

கஜா புயல் ஞாபகம் இருக்கிறதா? 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் வீட்டு ஓடு பாதி போனது, தென்னை அத்தனையும் சாய்ந்தது. நான் தென்னையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறேன், இவளைக் காணோம். தேடிப் போனால், பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த ஜனங்களுக்கு ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு எழுபதை நெருங்கும் வயது. யாரும் கூப்பிடவில்லை. அடுப்படிப் பூட்டை யார் திறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

2023 ஆகஸ்டில் பக்கத்தில் திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் விரிவாக்கினார்களே, அதை டி.வி.யில் பார்த்தாள். “அப்பாடா, இனிமே திங்கட்கிழமை தொல்லை இல்ல” என்றாள். அடுத்த நிமிஷமே, “ஆனா உப்புமாவா போடுறது?” என்று ஒரு முகச்சுளிப்பு.

இதெல்லாம் நல்ல கதைகள். நல்ல கதைகள் மட்டும் வேண்டாம் என்றும் வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஊர்ப் பிள்ளைகளிடம் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேச மாட்டாள். நூறு பேருக்குச் சமைத்த கை, ராத்திரி எங்களுக்குப் பழைய சோறுதான் போடும். வெற்றிலைக்குச் செலவழிப்பாள், எனக்கு ரிப்பன் வாங்கித் தர மூக்கால் அழுவாள். மருமகளைப் படுத்திய பாட்டைத் தம்பி மனைவி சொல்வாள், அவளையும் பேசச் சொல்லியிருக்கிறேன். ‘தெய்வத்தாய்’ என்று ஃபிளெக்ஸ் அடிக்கத் தம்பி ஆசைப்பட்டான், தடுத்துவிட்டேன். நம்மிடம் இருக்கும் அவளுடைய ஒரே நல்ல படம் பள்ளி ஆண்டுவிழா குரூப் போட்டோ. அதில் ஓரமாக, கரண்டியோடு, யாரையோ திட்டிக்கொண்டு நிற்கிறாள். அதைத்தான் பெரிதாக்கி வைக்கப் போகிறோம்.

சாப்பாட்டுக்கு வாழை இலை விருந்து கிடையாது. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, ஆளுக்கொரு முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். அவள் போட்டதே போதும். தட்டு அவரவர் கொண்டுவர வேண்டும், அந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரியே. வட்டாட்சியர் அலுவலகத்தில் பெரிய வேலையில் இருக்கும் ஒருவர் எனக்குப் போன் செய்து, “அலுமினியத் தட்டுதான் வேணுமா, எவர்சில்வர் பரவாயில்லையா?” என்று கேட்கிறார்.

இப்போது உன் பங்கு. நீ எங்கள் வீட்டில் தங்கிய அந்தக் கோடை விடுமுறையில் ஒரு ராத்திரி, நான் தூங்கிப்போன பிறகு நீயும் அம்மாவும் அடுப்படியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் விழித்துப் பார்த்தேன், அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். என்னடி பேசினீர்கள் என்று காலையில் கேட்டதற்கு, “அது எங்களுக்குள்ள” என்று நீயும் சொன்னாய், அவளும் சொன்னாள். அப்புறம் நானும் கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கு அவள் அத்தனை தூரம் தனியாகப் பஸ் ஏறி வந்தபோதும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பந்தலில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம் என்றால் ராத்திரி திண்ணையில் எனக்கு மட்டும் சொல். சொல்லவே கூடாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் சரி, அவள் எதற்குச் சிரித்தாள் என்று மட்டுமாவது சொல்.

கோயம்புத்தூரில் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்து மன்னார்குடியில் இறங்கலாம். கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடச் சொல், பொங்கல் கூட்டம், இப்போதே டிக்கெட் எடு. ஸ்டேஷனுக்குத் தம்பி கார் கொண்டுவருவான். வீட்டில் இப்போது வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, மூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அண்ணனையும் கூட்டி வா, அவருடைய சர்க்கரை மாத்திரையை மறக்காதே. வருவதானால் நான்கு நாள் தங்குவது போல வா. சனிக்கிழமைக்குள் எத்தனை பேர் என்று எனக்கு எழுது, அரிசிக் கணக்கு போட வேண்டும்.

அன்புடன்,
செல்வி